ரோபோ முழங்காலை ட்யூன் செய்ய ப்ராஸ்தட்டிஸ்ட் இன்னும் தேவையா?

சுழல்விசை:
மோட்டார் வைத்த செயற்கை முழங்காலை ஒருவருக்கென்று செட் செய்வது பெரும்பாலும் இன்னும் கைவேலைதான். ஆளை இணைகம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, ப்ராஸ்தட்டிஸ்ட் (செயற்கைக் கால் பொருத்தும் நிபுணர்) லேப்டாப்பில் எண்களை ஏற்றி இறக்குவார். பாதம் தரையில் இருக்கும் ஊன்றலில் 2 கட்டம், கால் காற்றில் முன்னே போகும் வீச்சில் 2 கட்டம். ஒவ்வொன்றுக்கும் விறைப்பு, தணிப்பு, சமநிலைக் கோணம் என்று 3 எண். ஆக 12. முட்டி சமநிலைக் கோணத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை விறைப்பாலும், சுழலும் வேகத்தைத் தணிப்பாலும் பெருக்கிக் கூட்டி, எதிர்த்திசையில் மோட்டார் தள்ளுகிறது. அவ்வளவுதான் கட்டுப்பாடு.

சிக்கல், இந்த 12-ம் ஒன்றோடொன்று பிணைந்தவை. பாதம் தரையில் உரசுகிறது என்று வீச்சில் மடங்கும் கோணத்தைக் கூட்டினால், வேகமாக நடக்கும்போது முட்டி நீள நேரம் போதாது. நீளும் கட்டத்தின் விறைப்பைக் கூட்டினால் கடைசியில் 'டக்' என்று முட்டும். தணிப்பைக் கூட்டினால் மறுபடி தாமதம். மனித மூளை இதை ஒவ்வொன்றாகத்தான் துரத்தும். ஹெலன் ஹுவாங் (வட கரோலினா மாநிலப் பல்கலை), ஜென்னி சை (அரிசோனா மாநிலப் பல்கலை) குழுக்கள் 2019-லேயே வலுவூட்டல் கற்றலால் (மாற்றிப் பார்த்து, பலனைக் கொண்டு தானே கற்கும் அல்காரிதம்) 12-ஐயும் சேர்த்து மாற்றி, சமதள நடையில் முட்டிக் கோணத்தைச் சுமார் 10 நிமிடத்தில் இலக்கு வளைவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். இனி கைட்யூனிங் எதற்கு?

வார்ப்பறை:
அந்த அல்காரிதத்துக்குத் தெரிவது முட்டிக் கோணமும் கீழே உள்ள சுமை சென்சாரும். மீதிக் காலை (ஸ்டம்ப்) நுழைத்துக்கொள்ளும் கூடான சாக்கெட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். சாதாரண நடையில் வீச்சின் நடுவில் கால்விரல் முனைக்கும் தரைக்கும் இருக்கும் இடைவெளி 1 முதல் 2 செ.மீ.தான். காலையில் இறுக்கமாக இருந்த ஸ்டம்ப் மதியத்துக்குள் கொஞ்சம் சுருங்கும். அப்போது கால் தூக்கும்போதெல்லாம் சாக்கெட் கீழே நழுவித் தொங்கும். 1 செ.மீ. நழுவினால் அந்த இடைவெளியில் பாதியாவது போச்சு, விரல் உரசும். ஆனால் முட்டிக் கோணம் வளைவில் கச்சிதமாக 60 டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும். அல்காரிதத்துக்குப் பிழையே இல்லை! ஆள் என்ன செய்வார்? இடுப்பைத் தூக்குவார், இல்லையென்றால் நல்ல காலின் முன்பாதத்தில் எக்கி நடப்பார். இதற்கு மருந்து, தளர்வை நிரப்ப ஸ்டம்ப் மேல் போடும் ஒரு சாக்ஸ். அதை விட்டுவிட்டு மடங்கும் கோணத்தை 70-க்கு ஏற்றுபவர்களும் உண்டு. உரசல் நிற்கும், அதோடு நீங்கள் சொன்ன 'டக்' சங்கிலி தொடங்கும்.

அலைன்மென்டும் (பாகங்களை எந்தக் கோணத்தில், எந்த இடத்தில் பொருத்துவது என்பது) இதே கதை. நிற்கும்போது உடல் எடை இறங்கும் சுமைக்கோடு முட்டி அச்சுக்கு முன்னால் போக வேண்டும். அச்சு கோட்டுக்கு முன்னால் தள்ளி இருந்தால் முட்டி மடங்கப் பார்க்கும். அல்காரிதம் ஊன்றல் விறைப்பை ஏற்றி அதைத் தாங்கிப் பிடிக்கும். பிடித்தால் மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் காலியாகும், ஊன்றல் முடிவில் முட்டி விடுபடவும் மறுக்கும். நாலு ஸ்க்ரூவைத் திருப்பினால் தீரும் விஷயம்.

சுழல்விசை:
சாக்கெட் சரியில்லை என்றால் எந்த ட்யூனிங்கும் வேலை செய்யாது, கையால் செய்வதும் சேர்த்து. நான் கேட்பது சாக்கெட் முடிந்த பிறகு.

வார்ப்பறை:
சாக்கெட் ஒருநாளும் "முடிந்து"விடுவதில்லை. வாதமே அங்கேதான்.

நடைஆய்வு:
இருவரும் இலக்கைப் பற்றிப் பேசவே இல்லை. 10 நிமிடத்தில் எட்டியது *எதை*? முன்கூட்டியே கொடுத்த முட்டி வளைவை. முட்டி வளைவு சரியானால் நடை சரியாகும் என்பது ஊகம். இடுப்பு மடங்கியே இறுகிப்போனவருக்கு அந்த அளவு சாய்வைச் சேர்க்காமல் சாக்கெட் பொருத்தினால், தொடை பின்னால் போகாது. கீழ்முதுகு வளைந்து ஈடுகட்டும், நல்ல காலின் அடி குட்டையாகும். முட்டி வளைவு மட்டும் பாடப்புத்தகப் படமாக இருக்கும்.

"மோட்டார் அதிகம் தள்ளினால் ஆளுக்குச் சிரமம் குறையும்" என்ற நினைப்பும் அப்படித்தான். கணுக்கால் தள்ளுவிசையைக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்களுக்கு ஆற்றல் செலவு குறைந்தே தீரும் என்பதில்லை என்று ஆய்வாளர் ஸ்டீவ் காலின்ஸின் குழு 2016-ல் காட்டியது. மறுபக்கம், கணுக்கால் விறைப்பில் சுமார் 8 சதவீத மாற்றத்தையே அணிபவர்கள் உணர்ந்துவிடுகிறார்கள் (மிஷிகன், எலியட் ரவுஸ் குழு, 2018). அவ்வளவு நுணுக்கமான சென்சார் உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் கேட்காமல் வளைவிடம் கேட்பானேன்?

இன்னொன்று: புதிதாகப் போட்டவர் முதல் நாட்களில் பயந்து, அந்தக் காலில் குறைந்த நேரமே நிற்பார். அன்றைக்கே ட்யூன் செய்தால் பயத்துக்கு ட்யூன் செய்தாகிறது.

குறிநிரல்:
12 என்பதே குறைந்த கணக்கு. சமதளத்தோடு ஏற்றம், இறக்கம், படி ஏறுதல், படி இறங்குதல் சேர்த்தால் 5 நடைவகை, 60 எண். கணுக்காலுக்கும் மோட்டார் இருந்தால் அதுவும் இரட்டிக்கும். அதனால்தான் ராபர்ட் கிரெக் போன்ற ஆய்வாளர்கள் கட்டங்களையே தூக்கிவிட்டு, தொடைக் கோணத்தை வைத்து நடை எந்த இடத்தில் இருக்கிறது என்று தொடர்ச்சியாகக் கணிக்கிறார்கள். தொடை நின்றால் முட்டியும் நிற்கும். சரிசெய்ய வேண்டிய எண்கள் வெகுவாகக் குறையும். ஆனால் பின்னால் அடி வைப்பது, இடத்திலேயே திரும்புவது, பாதியில் தயங்குவது எல்லாம் அதற்கும் தலைவலி.

கட்டமுறையில் ஆளை விழவைப்பது பெரும்பாலும் அந்த 12 எண்கள் இல்லை, கட்டம் மாறும் வரம்புகள். பாதம் பதிந்ததைச் சொல்லும் சுமை வரம்பைத் தாழ்வாக வைத்தால் வீச்சின் அதிர்வையே பதிந்ததாக எண்ணும். உயரமாக வைத்தால் பதிந்த பிறகும் வீச்சிலேயே இருக்கும். முட்டி இளகியபடி எடை ஏறும். ஏறும்போது ஒரு வரம்பு, இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த இன்னொரு வரம்பு கட்டாயம். ஒரே எண் வைத்தால் எடையை மாற்றி மாற்றி நிற்கும்போது கட்டம் முன்னும் பின்னும் துடிக்கும்.

சோதனையும் நேர்கோட்டு நடையில் முடியக்கூடாது: பக்கவாட்டில் அடி, பின்னால் 3 அடி, கையில் பாரத்தோடு நிற்பது, நாற்காலியில் பாதி உட்கார்ந்து எழுவது.

சுழல்விசை:
இதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இது என் பக்க வாதம்தான். வரம்புகளை ஆள் பாதுகாப்பாகப் பூட்டட்டும், விறைப்புக்குக் கீழ்மேல் எல்லை போடட்டும். எல்லைக்குள் தேடுவது மெஷின் வேலை. நடைஆய்வு சொன்ன விருப்பத்தையும் உள்ளே கொண்டுவரலாம்: இரண்டு செட்டிங்கில் மாற்றி மாற்றி நடக்கவிட்டு எது பிடிக்கிறது என்று கேட்டால் போதும், அடுத்த ஜோடியை அல்காரிதம் தேர்ந்தெடுக்கும்.

மறுபடி கேட்கிறேன்: மாலை 5 மணிக்கு ஸ்டம்ப் சுருங்கும்போது ப்ராஸ்தட்டிஸ்ட் அவர் வீட்டிலா இருப்பார்?

வார்ப்பறை:
மாலை 5 மணிக்கு மாற வேண்டியது சாக்ஸ், விறைப்பு இல்லை. அதற்கு நானும் வேண்டாம், அல்காரிதமும் வேண்டாம். சாக்ஸ் போடும் வகை சாக்கெட் என்றால் அணிபவருக்கே சொல்லித்தரலாம்: மேல் விளிம்பு கவட்டையில் குத்தத் தொடங்கினால் ஸ்டம்ப் உள்ளே இறங்கிவிட்டது, 1 ப்ளை (சாக்ஸ் தடிப்பின் அளவு) சேர்க்கணும். உள்ளே முழுசாகப் போகாமல் கால் நீளமாகத் தோன்றினால் அதிகம், கழற்றணும். சேர்த்துச் சேர்த்து 10 ப்ளையைத் தாண்டினால் புது சாக்கெட்டுக்கு அளவெடுக்கும் நேரம்.

ஜோடியாகக் கேட்பது நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கு முன்னும் ஸ்டம்ப் எந்த ப்ளையில் இருந்தது என்று பதிவு செய்யாவிட்டால், அவருக்குப் பிடித்தது செட்டிங்கா சாக்ஸா என்றே உங்களுக்குத் தெரியாது.