மே மாசம் பிள்ளைகளுக்கு இல்ல, எனக்கே ஒரு கிளாஸ்: சேலத்துல என்ன சேரலாம்?

அழகாபுரம் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஓமலூர் பக்கம் அரசுப் பள்ளியில கணக்கு டீச்சர். பேப்பர் திருத்தி முடிச்சா மே பூரா லீவு. பையன் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கான், அதனால சம்மர் கேம்ப்னு யாரையும் ஸ்கூட்டில ஏத்தி இறக்க வேண்டியதில்ல. நானே எதுலயாவது சேரலாம்னு இருக்கேன். பரீட்சை, சர்டிபிகேட், லெவல் ஒன் லெவல் டூ எதுவும் இருக்கக் கூடாது. பிரயோஜனமும் இருக்கக் கூடாது! (ஆரி வொர்க் கத்துக்கோ, பிளவுஸுக்குப் போட்டுக் காசு பார்க்கலாம்னு நாத்தனார் நச்சரிக்கிறாங்க. வேணாம்.) மனசுல இருக்கிறது வயலின், நீச்சல், சிலம்பம். வயசு 46. நம்ம ஊர் வெயிலுக்குக் காலையில எட்டுக்குள்ள முடிஞ்சா நல்லது.

அடிவாரம் தம்பி:
கிளாஸ் எதுக்குங்க டீச்சர், ஏற்காடு ஏறிடுங்க. கோடை விழா மே மாசம்தானே.

அழகாபுரம் டீச்சர்:
தம்பி, 20 கொண்டை ஊசி வளைவு. நாலாவதுலயே எனக்கு எலுமிச்சம்பழம் வேணும்.

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்:
வயலின் ஒரு மாசத்துக்கு வேணாம்ங்க. சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது பாதத்துல தாங்கி உட்காரணும். முட்டி சொன்னபடி கேட்குமா பாருங்க. நாலு தந்தியும் ச-ப-ச-பன்னு சுருதி சேர்த்திருக்கும். அந்த நாலுலயும் வில்லை நேரா இழுக்கப் பழகி, மாயாமாளவகௌளை ராகத்துல சரளி வரிசைங்கிற முதல் பாடம் தொடங்கறதுக்குள்ள ஸ்கூல் திறந்துடும்.

கன்னங்குறிச்சி பாட்டி:
டீச்சரம்மா, சிலம்பத்துக்கு வாங்க. போன கோடையில பேரனைக் கொண்டு விடப் போய்த் திண்டுல உட்கார்ந்திருந்தவதான் நானும். ஆசான், "சும்மாதானே இருக்கீங்க, வாங்கம்மா"ன்னார். சேலையை இழுத்துச் சொருகிட்டு நின்னுட்டேன்.

எடுத்ததும் கம்பைக் கையில தர மாட்டாங்க, காலடிதான். முன்னால வை, பின்னால வை, திரும்பு. நீங்க கணக்கு டீச்சர், உங்களுக்குப் பிடிக்கும். எல்லாம் சதுரமும் முக்கோணமும்தான். அப்புறம்தான் கம்பு. நட்டு வச்சா அவங்கவங்க நெத்தி அளவுக்கு இருக்கணும், அதனால இன்னொருத்தர் கம்பு நமக்கு ஒத்து வராது. புதுசா வர்றவங்க எல்லாரும் தோளைப் போட்டுச் சுத்துவாங்க, மறுநாள் தலை சீவக் கை எழும்பாது. மணிக்கட்டுதான் சுத்தணும். பிடியை இறுக்கினா கம்பு நகராது. சரியா விழுந்தா விர்ருன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது கேட்டுட்டா நீங்க விட மாட்டீங்க. முழங்கால்ல நம்ம கம்பாலயே வாங்கிக்குவோம், அதெல்லாம் நல்லெண்ணெய் தடவினா சரியாப் போகும். என் பக்கத்துல நிக்கிறது மூணாங்கிளாஸ் பொண்ணு. "பாட்டி, இடது காலு!"ன்னு அதட்டுது. வீட்டுல என்னை அதட்ட ஆளில்ல, அதனால சொகமாத்தான் இருக்கு.

ஒண்ணே ஒண்ணு விசாரிச்சுக்கோங்க. 2024 ஜனவரியில கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி நம்ம தமிழ்நாட்டுல நடந்தப்ப சிலம்பமும் டெமோ விளையாட்டா இருந்துச்சு. இப்ப மெடல் ஆசையில பிள்ளைகளைச் சேர்க்கிறவங்க ஜாஸ்தி. போட்டிக்குத் தயார் பண்ற இடத்துல நம்மளை ஓரமா நிக்க வச்சிருவாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு காலையில போய்ச் சும்மா பாருங்க. பெரியவங்க கையில கம்பு இருக்கான்னு மட்டும் கவனிங்க.

ஹஸ்தம்பட்டி நித்யா:
நீச்சலுக்கும் ஒரு ஓட்டு அக்கா. லேடீஸ் பேட்ச் தனியா இருக்கா, கத்துக் குடுக்கிறது பொம்பளைங்களான்னு கேளுங்க. எங்கப்பா காலத்துல சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணத்துல தள்ளி விட்டாங்க, இப்ப அப்படியில்ல. தண்ணிக்குள்ள முகத்தை வச்சு மூச்சை வெளிய விடறதுதான் முதல் பாடம். அது வந்துட்டா பாதி பயம் போயிடும். ஆனா மே மாசம் குளத்துல குட்டிப் பசங்க கூட்டம் நெரியும், ஜூன்லதான் இடமே கிடைக்கும்.

அழகாபுரம் டீச்சர்:
ஜூன்ல நான் ஸ்கூல்ல இருப்பேன் நித்யா. பாட்டிம்மா, சிலம்பமே இருக்கட்டும். சேலையிலயேவா, சுடிதார் போடலாமா? கம்பை டவுன் பஸ்ல ஏத்த விடுவாங்களா?

கன்னங்குறிச்சி பாட்டி:
சுடிதார் போடுங்க, துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கலாம். கம்பு ஆசான் வீட்டுத் தாழ்வாரத்துலயே கிடக்கும், தண்ணி பாட்டில் மட்டும் எடுத்துட்டு வாங்க. ஆறு மணிக்கு மேல வந்தா அந்த மூணாங்கிளாஸ்காரி சும்மா விட மாட்டா.