‘நிலைப்பல்’ வேண்டாம், ‘உடன்சுழலி’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சாதாரண மிதிவண்டியின் பிரீவீலை (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுழலவிடும் பின் பற்சக்கரம்) கழற்றிவிட்டு ஃபிக்ஸட் கியர் (சக்கரத்தோடு எப்போதும் சேர்ந்தே சுழலும் பற்சக்கரம்) பொருத்தும் முறையை விளக்கும் கையேட்டுக்காக, ஃபிக்ஸட் கியருக்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்த ‘நிலைப்பல்’ என்பதையும், அதற்கு மாற்றாக வந்த ‘கட்டுப்பல்’ என்பதையும் படித்தேன். முன்னது பால்பல் விழுந்தபின் முளைப்பதன் பெயர். பின்னது அதுவும் விழுந்தபின் கட்டிக்கொள்வதன் பெயர். பற்சக்கரத்தைப் ‘பல்’ என்று சுருக்கும் வரை பல் மருத்துவர் நம்மை விடமாட்டார்.

ஆயினும் என் மறுப்பு ‘நிலை’ என்னும் முன்னொட்டின் மீதுதான். அச்சொல்லைக் கேட்டதும் அசையாமல் நிற்கும் ஒன்றே நினைவுக்கு வரும். இங்கோ சக்கரம் சுழலும் வரை பற்சக்கரமும் சுழல்கிறது, அதனுடன் செயினும் பெடலும் ஓட்டுபவரின் காலும் சுழல்கின்றன. பிரீவீலின் உள்ளே வில்லால் உந்தப்பட்ட சிறு நாக்குகள், முன்னோக்கி மிதிக்கும்போது உள்வளையப் பற்களில் கவ்வுகின்றன, மிதிப்பதை நிறுத்தினால் ‘டிக் டிக்’ என்று வழுக்கிச் செல்கின்றன. ஃபிக்ஸட் கியரில் அந்த வழுக்கலே இல்லை. பழமுதிர்ச்சோலையிலிருந்து அழகர்கோவிலுக்கு இறங்கும் மலைப்பாதையில் இந்த வேறுபாடு நன்றாக விளங்கும். பிரீவீல் உள்ள வண்டியில் கால்களை அசைக்காமலே இறங்கிவிடலாம். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள 28 அங்குல வண்டியை ஃபிக்ஸட் கியராக மாற்றி, அதே சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கால்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முறை சுற்றியாக வேண்டும்.

ஆகவே ஃபிக்ஸட் கியர்ப் பற்சக்கரத்துக்கு ‘உடன்சுழலி’ என்பதையும், பிரீவீலுக்கு ‘விடுசுழலி’ என்பதையும் முன்மொழிகிறேன். ‘ஒருவழிச் சக்கரம்’, ‘இருவழிச் சக்கரம்’ என்னும் இணையையும் எண்ணிப் பார்த்தேன். பொருள் பொருந்தினாலும், மாசி வீதிகளில் வண்டி ஓட்டுபவருக்கு ‘ஒருவழி’ என்றால் போக்குவரத்துக் காவலர்தான் நினைவுக்கு வருவார்.

கையேட்டில் இதைவிடக் கவனம் வேண்டிய சொல் ‘லாக்ரிங்’, அதாவது பற்சக்கரம் கழலாமல் பூட்டும் வளையம். நம் பட்டறைகளில் சிலர் பிரீவீலையே வெல்டிங் வைத்து இறுக்கி, அதை ஃபிக்ஸட் என்று கொடுத்துவிடுகிறார்கள். பிரீவீல் ஏறும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) மரை, அதாவது திருகுப்புரி, வலப்பக்கம் திருகினால் இறுகும் வலமரை. முன்னோக்கி மிதிக்க மிதிக்க அது இறுகும், வேகத்தைக் குறைக்கக் காலைப் பின்னோக்கி அழுத்தினால் அதே மரை கழலத் தொடங்கும். இதற்கென்றே செய்யப்பட்ட ஹப்பில் பற்சக்கரத்துக்கு வெளியே, சற்றுக் குறைந்த விட்டத்தில், இடப்பக்கம் திருகினால் இறுகும் இடமரை ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அதில் ஏறும் வளையம், பற்சக்கரம் கழலப் பார்க்கும் திசையிலேயே இறுகி அதைத் தடுக்கும். வெறும் ‘பூட்டுவளையம்’ என்று எழுதினால் இந்தச் சூட்சுமம் மறைந்துவிடும் என்பதால் ‘இடமரைப் பூட்டுவளையம்’ என்று முழுமையாக எழுத வேண்டும் என்பது என் கருத்து. ‘மரை’ பட்டறையில் புழங்கும் சொல்தான். லேத்தில் நிற்பவரிடம் விளக்கவுரை தேவைப்படாது.

‘செயின் லைன்’ என்பதற்குச் ‘செயின் நேர்கோடு’ போதும். முன், பின் பற்சக்கரங்கள் ஒரே தளத்தில் அமையாவிட்டால் செயின் கழன்றுவிழும் என்பதையும், உடன்சுழலி வண்டியில் அவ்வாறு விழுந்த செயின் சக்கரத்தையே இறுக்கிப் பிடித்துவிடக்கூடும் என்பதையும் அச்சொல்லுக்குக் கீழேயே எழுதிவிடலாம்.

செயின், பெடல், ஹப் ஆகியவற்றை மாற்ற வேண்டியதில்லை. ‘விடுசுழலி’ வரும் முதல் இடத்தில் ‘பிரீவீல்’ என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும், ஏனெனில் கடையில் போய்க் கேட்பவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்கியாக வேண்டும். ‘உடன்சுழலி’யை விட நறுக்கென்ற சொல் எவரிடமேனும் இருந்தால், கையேடு அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு குழு உறுப்பினர்