மும்பைப் பெருமழை: ஜூலை 26ஆ, 27ஆ?

கேள்வி: ஒவ்வொரு தேதிக்கும் உச்ச மழை அட்டவணை போடுகிறேன். 2005 மும்பை மழை, 944.2 மி.மீ., சில இடங்களில் ஜூலை 26, சில இடங்களில் 27 என்று இருக்கிறது. நகரின் தெற்கு முனையான கொலாபாவில் வெறும் 73 மி.மீ. என்கிறார்கள். எது சரி?

பதில் 1: இரண்டும் சரிதான். இந்திய வானிலைத் துறையின் மழைநாள், அதாவது மழையைக் கணக்கிடும் 24 மணி நேரம், காலை 8.30க்கு முடிகிறது, அளந்த தேதியையே பதிவில் போடுவார்கள். மழை கொட்டியது 26 பிற்பகலிலும் இரவிலும். அளந்தது 27 காலை. அதனால் அட்டவணையில் "8.30 வரையான 24 மணி நேரம்" என்று தனிப் பத்தி வையுங்கள். நள்ளிரவுக் கணக்கு வேண்டுமென்றால் தானியங்கி மழைமானியின் மணிவாரிப் பதிவு தேவை. தினசரி எண்ணைப் பாதியாகப் பிரித்துப் போடவே கூடாது.

பதில் 2: கொலாபா எண்ணும் பிழையல்ல. 944 வடக்குப் புறநகரில் உள்ள சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தின் அளவு. வலுத்த இடிமேகம் வடக்குப் புறநகரின் மேலேயே நின்று பொழிந்தது, தெற்கு முனை தப்பியது. ஆகவே "மும்பை" என்று மட்டும் எழுதாமல் நிலையத்தின் பெயரையும் எழுதுங்கள்.

கையால் அளக்கும் மழைமானியில் இன்னொரு சிக்கல் உண்டு. 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் இந்த மழை கிட்டத்தட்ட 18.9 லிட்டர். உள்ளிருக்கும் புட்டி நிரம்பி வழிந்தால் அளவு குறைந்துவிடும். கனமழையில் இடையிடையே அளந்து, கொட்டி, கூட்ட வேண்டும்.

பதில் 3: 24 மணி நேர மழையில் உலகச் சாதனையான, இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவின் 1,825 மி.மீ. கூட 1966 ஜனவரி 7, 8 என இரு தேதிகளில் விழுந்ததுதான். அதை ஒரே தேதிக் கட்டத்தில் அடைக்காதீர்கள்.