மின்னியின் மூத்திரப்பையில் இரண்டு கல்

ஜெலுத்தோங், பினாங்கு:

எங்கள் மின்னி 6 வயது ஷி சூ நாய், பெட்டை. தீபாவளி முடிந்த வாரம் சும்மா சும்மா வாசலுக்கு ஓடினாள். உட்காருவாள், நாலு சொட்டுதான் வரும். வீட்டுக்குள்ளும் போய் வைத்ததால் அம்மா திட்டிவிட்டார். மறுநாள் வெள்ளை டைல்ஸில் ரத்தத்தைப் பார்த்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு முதலில் காரில் ஏறியவரும் அம்மாதான்.

எக்ஸ்ரேயில் கொண்டைக்கடலை அளவில் இரண்டு கல். சிறுநீரில் கிருமி, காரத்தன்மையும் அதிகம். யூரியாவைக் கிருமி உடைக்கும்போது சிறுநீர் காரமாகி இந்த ஸ்ட்ருவைட் கல் திரளுமாம். "இது கரையும், கத்தி வைக்க அவசரப்பட வேண்டாம்" என்றார் டாக்டர்.

கிருமிக்கு மருந்து, கல் கரைக்கும் டின் சாப்பாடு. வேறு ஒரு வாய்கூடக் கூடாது. அதுதான் பெரும்பாடு. பசியாறும்போது தோசையைப் பிய்த்துப் போட்டே பழகிய வீடு! வருகிறவர்களிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது: முறுக்கு வேண்டாம், பிஸ்கட் வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம்தான். டின் உணவில் 75க்கு மேல். அதிலும் வெந்நீர் கலந்து கஞ்சி போலக் கொடுத்தேன். வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் சேர்க்காத கோழி வேகவைத்த தண்ணீரை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஐஸ் கட்டியாக்கினேன். மத்தியான வெயிலில் அதை நக்கிக்கொண்டே கிடப்பாள். மூன்று வேளை இருந்த நடை ஐந்தானது.

சிறுநீர் தெளிந்ததும் மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டேன். கல்லுக்குள்ளும் கிருமி இருக்கும், நிறுத்தாதே என்றார். மாதம் ஒரு எக்ஸ்ரே. மூன்றாவது படத்தில் கல் இல்லை. கிளினிக்கிலேயே அழுதுவிட்டேன்.

செந்தூல், கோலாலம்பூர்:

அக்கா, படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் ஷ்னாசருக்கு வந்தது கால்சியம் ஆக்சலேட் என்ற வேறு வகைக் கல். அது எந்தச் சாப்பாட்டுக்கும் கரையாது. ஆண் நாய் வேறு, குழாய் குறுகல். ஒரு ராத்திரி முக்கி முக்கி ஒரு சொட்டும் வரவில்லை. விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடியதால்தான் பிழைத்தான். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள்.

இப்போது அவனுக்கும் ஈரச் சாப்பாடுதான், கீரை கிடையாது. சிறுநீரின் அடர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.020க்குக் கீழே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்ட்ருவைட்டுக்கான டின்னை இவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். சிறுநீரை அமிலமாக்கும் உணவு இந்தக் கல்லுக்கு ஆகாதாம். என்ன கல் என்று தெரியாமல் யாரும் டின் வாங்க வேண்டாம்.