விஷக்காளான் சீட்டு செய்கிறேன், கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறேன். மழை பெய்ததும் எங்கள் தெருப் பிள்ளைகள் புற்றுக்காளான் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள், கூடவே கண்டதையும் பிடுங்கி வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒரு சீட்டுக்கட்டு செய்தேன். ஒரு சீட்டில் காளான், ஒன்றில் அதன் நஞ்சு, ஒன்றில் அது உடம்பை என்ன செய்யும் என்பது. மூன்றும் சேர்ந்தால் செட்டு.

பிள்ளைகளை மிரட்டுவது அமானிடா ஃபல்லாய்டிஸ் என்ற கொடிய விஷக்காளானின் சீட்டுதான். அதிலுள்ள அமடாக்சின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது, சாப்பிட்டு 6 மணி நேரமாவது ஒன்றும் தெரியாது, அப்புறம் வாந்தி பேதி, பிறகு தேறிவிட்ட மாதிரி இருக்கும், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அந்த 'தேறிட்டேன்' சீட்டை நம்பி ஆட்டத்தை நிறுத்தினால் அவுட்!

சிக்கல் என்னவென்றால், அது ஐரோப்பாக் காளான். நம் பக்கத்துக்கு குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளானைச் சேர்க்கணும். புல்தரையில் வெள்ளைக் குடையாக முளைக்கும், முற்றினால் குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் பச்சையாகும், தின்றால் சில மணி நேரத்திலேயே வயிற்றைப் புரட்டும். அழகர்கோவில், நாகமலைப் பக்கம் யாராவது எடுத்த படம் இருக்கிறதா? அடிப்பக்கம் தெரியணும். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர்?

இன்னொன்று, விளையாடிப் பழகியவன் 'எனக்குத் தெரியும்' என்று பறித்துத் தின்றுவிடாமல் இருக்க என்ன விதி வைக்கலாம்?