பிரேக் கட்டை ஒரு பக்கமாக உரசுகிறது, அவசர உதவி

வைகைக்கரை:
வணக்கம். அப்பாவின் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து மகள் அதில்தான் டியூஷன் போகப்போகிறாள். பிரேக் கட்டை ஒரு பக்கம் ரிம்மில் உரசிக்கொண்டே இருக்கிறது. கையால் திருப்பி நடுவில் வைத்தாலும், ஒருமுறை பிரேக் பிடித்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. நட்டை முறுக்கியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

நட்டுபோல்ட்:
முன் சக்கரமா, பின் சக்கரமா? கம்பி பிரேக்கா, ஒயர் பிரேக்கா? எந்த நட்டை முறுக்கினீர்கள்?

கொங்குமிதி:
ரிம் கோட்டமாக இருக்கும். கடையில் கொடுத்துக் கோட்டம் எடுங்கள், சரியாகிவிடும்.

நட்டுபோல்ட்:
கோட்டம் என்றால் சக்கரம் சுற்றும்போது விட்டு விட்டு உரசும். இவர் உரசிக்கொண்டே இருக்கிறது என்கிறாரே.

வைகைக்கரை:
முன் சக்கரம், ஒயர் பிரேக். இடது பக்கம் உரசுகிறது. போட்டோ போட்டிருக்கிறேன்.

யாழ்றிம்:
அண்ணை, முதலில் சில்லை, அதாவது சக்கரத்தை, கழற்றி இடம் வலமாக மாற்றிப் பூட்டிப் பாருங்கள். உரசல் மற்றப் பக்கத்துக்கு மாறினால் பிழை சில்லில். அதே பக்கத்தில் நின்றால் பிறேக்கிலோ, சில்லைத் தாங்கும் கவையான ஃபோர்க்கிலோதான். ஐந்து நிமிட வேலை.

பழையவண்டி:
இதை இங்கே எத்தனை முறை எழுதியாயிற்று! தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். இந்தப் பழைய காலிப்பரில், அதாவது ரிம்மை இரு பக்கமும் கவ்வும் பிரேக் இடுக்கியில், இரண்டு கைகளும் ஒரே நடு போல்ட்டில் ஆடுகின்றன, இரண்டையும் ஒரே ஸ்பிரிங்தான் விரிக்கிறது. ஸ்பிரிங் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் காலிப்பரும் போய் நிற்கும். கையால் திருப்பினால் நிற்காது. ஃபோர்க்கின் பின்னால் இருக்கும் நட்டை நன்றாக இறுக்குங்கள், 10 நம்பர் ஸ்பேனர். அப்புறம் உரசும் கட்டைக்கு எதிர்ப்பக்கத்தில், ஸ்பிரிங்கின் மேல்வளைவில் உளியோ மழுங்கிய திருப்புளியோ வைத்துச் சுத்தியலால் மேலிருந்து லேசாகத் தட்டுங்கள். இடது உரசினால் வலதில் தட்ட வேண்டும். தலைகீழாகச் செய்துவிட்டு வந்து கேட்காதீர்கள்.

நட்டுபோல்ட்:
சுத்தியலுக்கு முன்னால் எண்ணெய். ஒயரைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் விரலால் அமுக்கி விடுங்கள். இரண்டும் துள்ளித் திரும்பினால் பழையவண்டி சொன்னதைச் செய்யலாம். ஒன்று சோம்பிக்கொண்டு வந்தால், தட்டுவதில் பயனில்லை. நடு போல்ட்டின் முன்பக்கம் இரண்டு நட்டு இருக்கும். வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டைக் கைகள் இறுகும்வரை முறுக்கி, கால் சுற்றுத் திருப்பி விடுங்கள். கை ஆட்டம் இல்லாமல் தாராளமாக அசைய வேண்டும். உள் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே வெளி நட்டை இறுக்குங்கள், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து சுற்றும். போல்ட்டில் இரண்டு சொட்டு எண்ணெய், ஆனால் ரிம்மிலும் கட்டையிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.

இன்னொன்று. போட்டோவில் பிரேக் கட்டையைத் தாங்கும் தகட்டின் திறந்த முனை முன்பக்கம் பார்க்கிறது. ஒருவர் மாற்றி மாட்டியிருக்கிறார். பிரேக் பிடிக்கும்போது ரிம் கட்டையை முன்னால் இழுக்கும், ரப்பர் உருவி வெளியே வந்துவிடும். மூடிய முனைதான் முன்னால் இருக்க வேண்டும். பிள்ளை ஓட்டுவதற்கு முன் இதைச் சரி செய்யுங்கள், தயவுசெய்து.

கொங்குமிதி:
ஒயர் உறையையும் பாருங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது காலிப்பர் நகர்ந்தால், விறைத்துப்போன உறைதான் தள்ளுகிறது. ஆனால் எனக்குப் பெரிய கவலை போட்டோவில் தெரியும் அந்த குரோம் பூசிய இரும்பு ரிம். மழையில் பிரேக்கே பிடிக்காது. அலுமினிய ரிம் போட்டுவிடுங்கள்.

பழையவண்டி:
நல்ல குரோம் ரிம்மைக் கழற்றச் சொல்வது அநியாயம். நாற்பது வருஷமாக நான் குரோமில்தான் ஓட்டுகிறேன். மழையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மின் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் இதற்கென்றே தோல் பதித்த கட்டைகள் விற்றார்கள்.

கொங்குமிதி:
உங்களுக்குத் தெரியும், டியூஷன் போகும் பிள்ளைக்குத் தெரியுமா? தோல் கட்டை மதுரையில் எந்தக் கடையில் கிடைக்கும்?

யாழ்றிம்:
கம்பிப் பிறேக் வண்டிகளும் மழையில் இப்படித்தான். எங்கள் ஊரில் மாரி காலத்தில் அப்பா எங்களை மெதுவாகவே ஓட்டச் சொல்லுவார்.

பழையவண்டி:
அலுமினிய ரிம் பள்ளத்தில் விழுந்தால் நசுங்கும். அதை யாரும் சொல்வதில்லை.

கொங்குமிதி:
நசுங்கிய ரிம்மை மாற்றலாம் ஐயா.

வைகைக்கரை:
ஒரு கை துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, நட்டைத் தளர்த்தி வைத்ததும் நடுவில் நிற்கிறது. இரண்டு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி. தட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

நட்டுபோல்ட்:
மகிழ்ச்சி. கட்டையை மாற்றி மாட்டினீர்களா? அதைச் சொல்லவில்லையே.

நட்டுபோல்ட்:
வைகைக்கரை, ஞாயிறு மாலை ஆகிவிட்டது. மூடிய முனை முன்னால் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.