புதுப்பிப்பு: அக்காவுக்கு எந்த இம்ப்ளான்ட் என்று முடிவாகிவிட்டது

புற்றுநோயால் ஒரு மார்பகம் எடுத்த அக்காவுக்கு, அந்த இடத்தில் உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட் (செயற்கை மார்பகம்) சிலிகான் ஜெல் நிரப்பியதா, சலைன் என்ற உப்புநீர் நிரப்பியதா, எது நல்லது என்று ஆடி மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்த்தோம். இரண்டையும் கையில் கொடுத்தார். சலைன் தண்ணீர்ப் பையாய்த் தளும்பியது. சிலிகான் நுங்கு மாதிரி மெத்தென்று இருந்தது. அக்கா அதையே வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

சலைன் கிழிந்தால் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிகான் கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். அதனால் 5, 6 வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை. எனக்குப் பயமே சொரசொரப்பான மேலுறைதான். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் அரிதான ஒரு வகையோடு அதற்குத் தொடர்பு தெரிந்து, 2019-இல் அலர்கன் கம்பெனியின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகமெங்கும் திரும்பப் பெற்றார்கள்.

வழவழப்பான சிலிகான் என்று முடிவு. ஆயுசுக்கும் தாங்காது, பின்னால் மாற்ற வேண்டிவரலாம் என்பதையும் அக்கா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். தை பிறந்ததும் ஆபரேஷன். அத்தான் சம்பா அறுப்பு முடியட்டும் என்கிறார். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.